சவுதியக்கா சொன்னபடி

என் கல்யாணம் ஒரு பொய்யில்தான் ஆரம்பித்தது. பொய் என்று நான் சொன்னால் சவுதியக்கா கோபித்துக்கொள்வார். அவருடைய கணக்கில் அது கொஞ்சம் சீனி போட்டது, அவ்வளவுதான்.

பெண் பார்க்க வந்த அன்று என் இப்போதைய மாமியார், ஆசிரியர் விடுதி வாசலில் வைத்து, இடையில் நின்று பேசிய அவரிடம் சொன்னது, பொண்ணு சரியான வாயாடி, நம்ம வீட்டுக்கு ஒத்துவராது என்று. சவுதியக்கா உள்ளே வந்து என் அம்மாவிடம், டீச்சர் பேசுறதக் கேட்டுக்கிட்டே இருக்கலாம் போல இருக்குதாம் என்றார். அம்மாவுக்கு மனம் குளிர்ந்துபோய் பலகாரத் தட்டை இன்னொரு முறை நிரப்பிக் கொடுத்தார். அந்தத் தட்டை வெளியே கொண்டுபோனவர் மாமியாரிடம், உங்கள மாதிரி ஒரு மாமியா கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்னு பொண்ணு சொல்லுது என்றார். பொண்ணு சொன்னது அதுவல்ல. அந்தம்மா முழிக்கிற முழியைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது என்றுதான் நான் சொன்னேன். எட்டு வருஷம் கழித்து ஒரு தீபாவளிக்கு, முறுக்குப் பிழிந்துகொண்டே நானும் மாமியாரும் இரண்டு பக்கத்துக் கதைகளையும் ஒட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அதற்குள் எனக்கு இரண்டு பிள்ளைகள்.

சவுதியக்காவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை யாரும் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பதினொரு வருஷம் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தவர். போனது சவுதிக்கும் இல்லை, அது வேறொரு நாடு. ஆனால் எங்கள் தோட்டத்தில் கடல் தாண்டி எங்கே போனாலும் அது சவுதிதான். கணக்கப்பிள்ளையின் மகன் இத்தாலிக்குப் போய்ச் சேர்ந்து நாலு வருஷமான பிறகும், தம்பி சவுதியில எப்படி இருக்கு என்று விசாரிப்பார்கள். அப்படி அவரும் சவுதியக்கா ஆனார். அவரும் அதைத் திருத்தவில்லை. யாரையும் திருத்துகிற பழக்கம் அவருக்கு இல்லை.

எனக்கோ திருத்துவதுதான் தொழில். குருவிட்டப் பக்கத்தில், கீழே ரப்பரும் மேலே தேயிலையுமாக இருந்த அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒன்பது வருஷம் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் கொடகவெலப் பக்கம் மாற்றலாகி வந்தேன். யார் பிழையாகச் சொன்னாலும் என் கை துறுதுறுக்கும். அப்படிப்பட்ட என்னைச் சவுதியக்காவின் லயத்து வரிசை வீட்டுக்குப் பக்கத்தில் குடிவைத்தது யார் செய்த விளையாட்டோ தெரியாது.

அவருடைய சேலை இடுப்பில் எந்நேரமும் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி காகிதத்தில் சுற்றியபடி இருக்கும். பிளேன்டீயோடு கடித்துக்கொள்ள என்று சொல்லுவார். ஆனால் தேத்தண்ணி இல்லாத நேரத்திலும் அது வெளியே வரும். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சொல்லுமுன் ஒரு சின்னத் துண்டைக் கடித்து, இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டுதான் வாயைத் திறப்பார். கன்னம் உப்பியிருந்தால் வரப்போவது அசல் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிடும். மற்றவர்களுக்கு ஏன் தெரியவில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் சிங்களம் தண்ணிபட்ட பாடு. கடையில், பஸ்ஸில், ஆஸ்பத்திரியில் எல்லாம் சிங்களத்தில்தான் பேசுவார்கள். ஆனால் தோட்டத்தை நடத்துகிற தொரை முன்னால் நிற்கும்போது மட்டும் பெண்களுக்குச் சிங்களம் சுத்தமாக மறந்துபோகும். ஏச்சு வாங்கும்போது பாஷை தெரியாமல் இருப்பது எவ்வளவு வசதி என்று அவர்களுக்குத் தெரியும். கொழும்பிலிருந்து புதிதாக ஒரு சின்னத் தொரை வந்திருந்தார். இருபத்தைந்து வயதிருக்கும், தலையில் அதற்குள்ளேயே பாதி முடி இல்லை. கொழுந்தில் குச்சியும் முற்றின இலையும் கிடக்கிறது, நாளைக்கும் இப்படியென்றால் எல்லாருக்கும் அரைநாள் சம்பளம்தான் என்று சிங்களத்தில் தாளித்தார். பெண்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சவுதியக்கா கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு முன்னால் வந்தார். நேற்று மழையில் நனைந்துகொண்டு பறித்தீர்களே என்று தொரைக்கு மனது கஷ்டமாக இருக்கிறதாம், குச்சியை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளட்டாம் என்றார். கூட்டத்திலிருந்த ஒருத்திக்குப் பொறுக்கவில்லை. மொட்டை மண்டையில் வெயில் ஏறி இவனுக்கு மூளை காய்ந்துபோச்சு என்றாள். தொரை அது என்ன என்று கேட்டார். தொப்பி இல்லாமல் வெயிலில் நிற்கிறீர்களே, உங்கள் அம்மா பார்த்தால் எவ்வளவு வேதனைப்படுவார் என்று சொல்கிறாள் என்றார் சவுதியக்கா.

அடுத்த நாள் தொரை தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். அந்தப் பெண்ணைத் தேடிப்பிடித்து, தனக்குத் தெரிந்த ஒரே தமிழில் நன்றி அம்மா என்றார். அவள் ஒரு கிழமை யாரோடும் பேசவில்லை. அந்தக் கிழமை அவள் கூடையில் மருந்துக்குக்கூட ஒரு குச்சி இருக்கவில்லை. அரைநாள் சம்பளப் பேச்சும் அத்தோடு போய்விட்டது.

இரண்டு பாஷை வேண்டும் என்றுகூட இல்லை. ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் இருந்த ஓரகத்திகள் இரண்டு பேர் தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். அவ கையால பச்சத் தண்ணிகூட வாங்கிக் குடிக்க மாட்டேன் என்று மூத்தவள் சொல்லிவிட்டாள். இதைச் சவுதியக்கா நாலடி தூரம் கொண்டுபோவதற்குள், அக்காவுக்குக் காய்ச்சல், பச்சத் தண்ணிகூட எறங்கலயாம் என்று ஆகியிருந்தது. இளையவள் பதறிப்போய்க் கொத்தமல்லி அவித்து அனுப்பினாள். மூத்தவள் தனக்கு எதற்கு இது என்று தெரியாமலேயே குடித்தாள். மறுநாள் இரண்டு பேரும் குழாயடியில் ஒன்றாக நின்று எனக்கு எதிராக ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டேன். இப்படி மாற்றி மாற்றிச் சொல்கிறீர்களே, என்றைக்காவது மாட்டிக்கொள்ள மாட்டீர்களா என்று. அவர் சிரித்தார். வெளிநாட்டில் இருந்தபோது மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்குப் பேச விடுவார்களாம். அந்த வீட்டுக்கார மேடம் பக்கத்திலேயே நிற்குமாம். எப்படி இருக்கே என்று ஊரிலிருந்து அம்மா கேட்குமாம். இவர் நல்லா இருக்கேன் என்பாராம். அன்று ராத்திரி அம்மா நிம்மதியாகத் தூங்குமாம். இப்படியே வருஷக்கணக்காக. அம்மா செத்தது எட்டாவது வருஷத்தில். இவரை ஊருக்குப் போக விடவில்லை.

"கடசி வரைக்கும் எம் மவ ராணி மாதிரி இருக்கான்னு சொல்லிக்கிட்டேதான் செத்துச்சாம். வேற என்னா வேணும் டீச்சர்?"

நான் அதைத் திருத்தப் போகவில்லை. எனக்கு அது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

லெட்சுமியக்கா விஷயத்துக்கு வருகிறேன். அவர் ரப்பரில் பால் வெட்டுகிறவர். புருஷன் இல்லை. ஒரே மகள் சுதா, என்னிடம் படித்தவள், பத்தொன்பது இருபது வயது. ஏஜென்சி ஒன்றின் வழியாக வீட்டு வேலைக்கு, அதாவது சவுதிக்கு, போயிருந்தாள். உண்மையில் சவுதியக்கா இருந்த அதே நாட்டுக்கு. முதல் ஆறு மாதம் வாரம் ஒருமுறை பேசினாள். பிறகு போன் வரவில்லை. இங்கிருந்து எடுத்தாலும் மணி அடிக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, அந்த வீட்டு மேடத்திடமிருந்து லெட்சுமியக்காவின் போனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அரபியில் ஒரு நிமிஷம்.

தோட்டத்தில் அரபி தெரிந்த ஒரே ஆள் யார் என்று சொல்லவேண்டியதில்லை. நானும் அப்போது அங்கே இருந்தேன். சவுதியக்கா போனைக் காதில் வைத்துக் கேட்டார். இன்னொரு முறை கேட்டார். பிறகு இடுப்பிலிருந்து கருப்பட்டியை எடுத்தார். சுதாவின் போன் தண்ணியில் விழுந்து கெட்டுப்போய்விட்டதாம், நல்ல பிள்ளையாம், வேலை கொஞ்சம் கூடவாம், அம்மாவைக் கவலைப்பட வேண்டாம் என்று மேடம் சொல்லச் சொன்னதாம். இவ்வளவுதான் செய்தி. ஒரு நிமிஷம் தொண்டை கிழியக் கத்தின குரலுக்கு இது ரொம்பவும் குறைவாகப் பட்டது. கேட்டேன். அரபில நல்லதையும் சத்தமாத்தான் சொல்லுவாங்க டீச்சர் என்றார். நானும் கன்னத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன். அந்த ஒருநாள் என் சிவப்புப் பேனா எங்கே போனது என்று பிறகு எத்தனையோ தடவை என்னையே ஏசிக்கொண்டிருக்கிறேன்.

லெட்சுமியக்கா அன்று பாற்சோறு ஆக்கி லயம் முழுக்கக் கொடுத்தார். மேடத்துக்குப் புண்ணியமாய்ப் போகட்டும் என்றார். பிறகு ஒவ்வொரு நாளும் வேலை விட்டு வந்ததும் அந்த மெசேஜைப் போட்டுக் கேட்பார். ஒரு வார்த்தை விளங்காது. எதற்கு இப்படி என்று கேட்டதற்கு என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தார். கடைசியில், மேடம் பேசி முடித்த பிறகு, தூரத்தில் ஒரு இருமல் கேட்கும். "அது எம் புள்ள இருமல் டீச்சர். சின்னதுல இருந்து இப்பிடித்தான் ரெண்டு தரம் இருமும்." அந்த மெசேஜ் சத்தம் வந்தால் சவுதியக்கா எங்கே இருந்தாலும் எழும்பிப் போய்விடுவார். தண்ணி எடுக்கப் போவார், விறகு பார்க்கப் போவார். ஒருநாள் விறகு நிறைந்து கிடக்கும்போதும் விறகுக்குப் போனார்.

இப்படி இருக்கும்போதுதான் படம் வந்தது. பெண்கள் தினத்தை ஒட்டிக் கொழும்பிலிருந்து ஒரு அமைப்பின் பிள்ளைகள் இரண்டு பேர், ஒரு புரொஜெக்டரும் ஒரு மைக்கும் கொண்டு ஞாயிற்றுக்கிழமை பகல் வந்து இறங்கினார்கள். இரண்டு பேரும் சிங்களப் பிள்ளைகள், நல்ல பிள்ளைகள். காலில் அட்டை ஏறினதுக்கு ஒருத்தி அழுதேவிட்டாள். வாசிகசாலை மண்டபத்து ஜன்னல்களைக் கொழுந்துச் சாக்குகளால் மூடி இருட்டாக்கினோம். தகரத்தில் மழை. தமிழ் எழுத்து ஓடுகிற பிரதி கொண்டுவந்ததாக நினைத்திருக்கிறார்கள். திறந்து பார்த்தால் இங்கிலீஷ் எழுத்து. பேச்சு முழுக்க அரபி, இடையிடையே படத்தில் வரும் பெண்களுடைய வேறொரு பாஷை. பிள்ளைகள் கையைப் பிசைந்தார்கள். நான் வாசித்துச் சொல்கிறேன் என்று எழும்புவதற்குள், எனக்கு அரபி தெரியும் என்று ஒரு குரல் கேட்டது. மண்டபம் கைதட்டியது. மைக் அவர் கைக்குப் போய்விட்டது.

அது விவரணப் படம், நடிப்பு இல்லை. தூரத்து நாடொன்றில் தீவிரவாதிகள் மலையடிவாரத்துக் கிராமங்களுக்குள் புகுந்து பெண்களைப் பிடித்துக்கொண்டு போய், தங்கள் ஊர் வீடுகளில் பூட்டி வைத்திருந்தார்கள். பாண் ரொட்டி சுட்டு விற்கிற ஒரு மனிதர், ஐம்பது வயது இருக்கும், தன்னுடைய பாண் வேனில் ஒவ்வொருத்தியாக ஒளித்து வெளியே கொண்டுவருகிறார். அவருக்குப் பக்கத்தில் இருந்தே படம் எடுத்திருந்தார்கள். இவ்வளவும் எனக்குத் தெரிந்தது எழுத்தை வாசித்ததால். மண்டபத்துக்குத் தெரிந்தது வேறு.

முதலில் ஒரு பெண் முகத்தை மூடிக்கொண்டு, என்னை மூன்று பேருக்கு விற்றார்கள் என்றாள். மூணு வீடு மாறி வேலை செஞ்சிருக்கு பாவம் என்றார் சவுதியக்கா. பாண்காரர் புறப்படுமுன் மனைவியிடம், நான் திரும்பி வராவிட்டால் பிள்ளைகளை உன் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோய்விடு என்றார். கடையப் பாத்துக்க, சாயங்காலம் வந்துருவேங்கிறாரு என்றார் சவுதியக்கா. வழியில் தாடிக்காரன் ஒருவன் வேனை மறித்து, துப்பாக்கியை ஜன்னலுக்குள் நுழைத்து, இறங்கிப் பின்கதவைத் திறடா என்று உறுமினான். வீட்டில் எல்லாரும் சுகமா என்று விசாரிக்கிறானாம். முன்வரிசையில் இருந்த ஒரு பெண், துப்பாக்கிய நீட்டிக்கிட்டா விசாரிப்பான் என்று கேட்டாள். அவுங்க பழக்கம் அப்பிடி என்றார். அந்த வேறு பாஷை வந்த இடங்களிலும் அவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அந்தப் பாஷை அவருக்குச் சத்தியமாகத் தெரியாது. நான் ஓரத்தில் இருந்து கண்ணைக் காட்டினேன், கையைக் காட்டினேன். அவர் கருப்பட்டியை மற்றக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வயதான கங்காணி ஒருவர் எழும்பி ஒரு சந்தேகம் கேட்டார். எங்கள் தோட்டத்துக்குத் தினமும் நாலு மணிக்குப் பாண்காரர் ஆட்டோவில் பாட்டுப் போட்டுக்கொண்டு வருவார். நாட்டில் எல்லாப் பாண் ஆட்டோவும் அந்தப் பாட்டைத்தான் போடும். இந்த ஆள் ஏன் பாட்டுப் போடவில்லை, அப்புறம் எப்படி பாண் விற்பது என்றார் கங்காணி.

சவுதியக்கா படத்திலேயே கண்ணாக இருந்தார். பாட்டுப் போட்டா புள்ளைய புடிச்சிருவானுங்க என்றார். அன்று பகல் அவர் சொன்ன முதல் உண்மை அதுதான். அதற்குப் பிறகு மண்டபத்தில் சிரிப்புச் சத்தம் குறைந்துவிட்டது.

மூன்றாவது வரிசையில் லெட்சுமியக்கா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படத்தில் ஒரு பெண்ணை, சுதா வயதுதான் இருக்கும், பாண் தட்டுகளுக்குப் பின்னாலிருந்து வெளியே எடுத்தார்கள். எல்லை தாண்டியாகிவிட்டது, இனிப் பயமில்லை. பாண்காரர் தன் போனை அவளிடம் கொடுத்தார். அந்தப் பக்கம் அவளுடைய அம்மா. பெண் போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள். அவள் ஒரே வசனத்தை நாலு தடவை சொன்னாள். கீழே எழுத்து ஓடியது: நான் நன்றாக இருக்கிறேன் அம்மா.

எனக்கு ஒரு நிம்மதி வந்தது. இதற்கு மேல் சீனி போட இடமில்லை, இதையாவது உள்ளபடி சொல்லுவார் என்று நினைத்தேன். மைக்கில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. என்னா சொல்லுது, சொல்லுங்களேன் என்று பின்னாலிருந்து கேட்டார்கள். சவுதியக்கா விரலை வாய்க்குள் விட்டுக் கருப்பட்டியை எடுத்தார்.

"நல்லா இருக்கேன்னு சொல்லுது," என்றார். "பொய் சொல்லுது. நானும் எட்டு வருசம் எங்கம்மாகிட்ட இதையேதான் சொன்னேன்."

கொழும்புப் பிள்ளை என்னவோ ஏதோ என்று படத்தை நிறுத்தினாள். அந்தப் பெண்ணின் முகம் திரையில் அப்படியே நின்றது.

"லெட்சுமி. சுதாவோட மேடம் அப்பிடிச் சொல்லல. நாந்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

லெட்சுமியக்கா எழும்பினார். அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்து நான் பாதி தூரம் ஓடினேன். அவர் அடிக்கவில்லை. போனை மைக்குக்கு நேரே பிடித்து அந்த மெசேஜை அழுத்தினார். மேடத்தின் குரல் மண்டபம் முழுக்கக் கத்தியது. "இப்பச் சொல்லுங்க. ஒரு வார்த்த கொறையக் கூடாது."

சவுதியக்கா சொன்னார். உன் மகள் வேலை செய்யாமல் எந்நேரமும் அழுகிறாள். போனைப் பிடுங்கி வைத்திருக்கிறேன். கதவைப் பூட்டிவிட்டுத்தான் நான் வெளியே போகிறேன். இரண்டு வருஷம் முடியாமல் அனுப்ப மாட்டேன். நீ எங்கே போய் அழுதாலும் எனக்குப் பயமில்லை. வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி, குரலை ஏற்றாமல் இறக்காமல், பிள்ளைகள் மனப்பாடம் ஒப்புவிப்பதுபோல ஒப்புவித்தார். கடைசியில் அந்த இருமல் வந்தது, இரண்டு தரம். அது சுதாதான் என்றார்.

லெட்சுமியக்கா போனை அணைத்தார். "என்னையப் பாச்சோறு ஆக்க வச்சிட்டீங்களேக்கா," என்றார். சவுதியக்காவை அப்போது நான் முழுமனதோடு வெறுத்தேன். அவர் மைக்கைக் கீழே வைக்கத் தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டே நின்றதைப் பார்த்து அதுவும் முடியாமல் போனது.

மிச்சப் படத்துக்கு மைக்கை என்னிடம் தந்தார்கள். நான் எழுத்தில் இருந்ததை இருந்தபடியே வாசித்தேன். யாருக்கும் பிடிக்கவில்லை. சவுதியக்கா சொன்னப்ப நல்லா வெளங்குச்சு என்று என் முகத்துக்கு நேரேயே சொன்னார்கள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் இரத்தினபுரிக்குப் போனோம். லெட்சுமியக்கா, சவுதியக்கா, நான், அந்தக் கொழும்புப் பிள்ளைகள். வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களின் முறைப்பாடுகளைக் கேட்கும் ஆபீஸில் அரபி தெரிந்த ஒரு அதிகாரி மெசேஜைக் கேட்டார். மேடம் தன் வாயாலேயே பூட்டி வைத்திருப்பதாகச் சொன்னது நல்லதாகப் போயிற்று, இதைவிடச் சாட்சி வேண்டாம் என்றார். பிறகு அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார். லெட்சுமியக்கா ஏஜென்சிக்காரனில் தொடங்கி அவன் பரம்பரை வரைக்கும் தமிழில் அர்ச்சனை செய்தார். சவுதியக்கா இடுப்பில் கைவைக்காமல், ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னார். அந்தச் சொற்களுக்கெல்லாம் சிங்களம் அவருக்குத் தெரிந்திருந்தது எனக்கே ஆச்சரியம். அதிகாரியின் காது சிவந்துவிட்டது. இந்த அம்மா உள்ளே வரும்போது சிங்களத்தில்தானே பேசினார், நீங்கள் எதற்கு என்று கேட்டார். கோவத்துல தமிழ்தான் வரும் மாத்தயா என்றார் சவுதியக்கா. அதிகாரி இதையெல்லாம் எழுதவா வேண்டாமா என்று கேட்டார். சொன்னத எழுதுங்க மாத்தயா என்றார்.

அதற்குப் பிறகு நாலு தடவை போனோம். கடிதம் போனது, பதில் வந்தது, அங்குள்ள நம் நாட்டுக்காரர்கள் போய்க் கதவைத் தட்டினார்கள். சவுதியக்கா திருந்திவிட்டார் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அதே மாதத்தில் அந்த ஓரகத்திகள் மறுபடி குழாயடியில் முட்டிக்கொள்ள, இவர் கருப்பட்டியோடு போய்ச் சமாதானம் செய்துவிட்டு வந்தார். லெட்சுமியக்காவிடம் மட்டும் வெறும் வாயோடு பேசினார். லெட்சுமியக்கா பதில் சொல்லுவார், முகம் பார்க்க மாட்டார்.

மூன்று மாதம் கழித்து சுதா வருகிறாள் என்று செய்தி வந்தது. விமான நிலையத்திலிருந்து அவர்களே பஸ் ஏற்றிவிடுவார்களாம், பகலுக்குச் சந்தியில் இறங்குவாளாம். பன்னிரண்டு மணிக்கே நாங்கள் மூன்று பேரும் கீழே சந்தியில் போய் நின்றோம். அப்படி ஒரு மழை. மூன்றரை வரைக்கும் பஸ் இல்லை. எங்கேயோ மண் சரிந்து பாதை மூடிவிட்டது, இனி நாளைக்குத்தான் என்று கடைக்காரர் சொன்னார். தொப்பலாக நனைந்து மேலே ஏறி வந்தோம். ஈரத்துணி மாற்றிக்கொண்டிருக்கும்போது பாண் பாட்டுக் கேட்டது. காசை எடுத்துக்கொண்டு எல்லாக் காம்பராவிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்தார்கள். பாண் ஆட்டோவின் முன்சீட்டில், பாண்காரரோடு ஒட்டிக்கொண்டு, பையை மடியில் வைத்தபடி சுதா இருந்தாள். பஸ்ஸை விட்டிறங்கி, சரிந்த மண்ணைத் தாண்டி நடந்து வந்திருக்கிறாள். ஹயர் ஆட்டோக்காரர்கள் ஒருவரும் அந்தப் பாதையில் ஏற மாட்டோம் என்றிருக்கிறார்கள். பாண்காரர் எப்படியும் ஏறுகிறவர்தானே.

அந்த வயதான கங்காணி கையிலிருந்த காசைத் திரும்ப மடியில் செருகிக்கொண்டார். "இவரு பாட்டுப் போட்டுக்கிட்டே கொண்டாந்துட்டாரு," என்றார்.

சுதா இறங்கினாள். கழுத்தெலும்பு தெரிந்தது. வலது கையைச் சேலைக்குள் மறைத்து வைத்திருந்தாள். அவளுக்குச் சேலை கட்டிப் பழக்கமே இல்லை, யார் கொடுத்ததோ. சிரித்தாள். லெட்சுமியக்கா, எப்படிப் புள்ள இருந்தே என்று கேட்டார்.

"நல்லா இருந்தேம்மா. நல்ல வீடு. நல்லாப் பாத்துக்கிட்டாங்க."

லெட்சுமியக்கா மகளை விட்டுத் திரும்பினார். மூன்று மாதத்தில் முதல் தடவையாகச் சவுதியக்காவின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"என்னா சொல்லுதுக்கா?"

தமிழில் சொன்னதைத் தமிழில் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. சவுதியக்காவின் கை வழக்கம்போல இடுப்புக்குப் போனது. பிறகு திரும்பி வந்தது.

"பசிச்சிச்சின்னு சொல்லுது," என்றார். சுதாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "குசினித் தரையில படுத்தேன்னு சொல்லுது. கையில சூடு வச்சாங்கன்னு சொல்லுது. ஒன்னையக் கூப்புட்டுக் கூப்புட்டு அழுதேன், ஒனக்குக் கேக்கலன்னு சொல்லுது."

ஒவ்வொன்றுக்கும் சுதா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியானதற்கு ஆட்டும்போது வாய் கோணி அழுகை வந்தது, அதோடு இருமலும் வந்தது, இரண்டு தரம்.

லெட்சுமியக்கா மகளைப் பிடித்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டார்.

"கேட்டுச்சு புள்ள," என்றார். "தெனமும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

அப்போதுதான் பாண்காரர் பாட்டை நிறுத்தினார்.